நூறு வரை எண்ணினேன், எரியவில்லை

கால் எரியவில்லை என்று சந்தோஷப்பட்ட ஆள் ஓசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தில் வலது கால் சுண்டுவிரல் போய்விட்டது. பக்கத்து விரல் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய். இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தே கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சும்மா கிடக்கத் தெரியாது. மின்விசிறியையே பார்த்து அலுத்துப்போய், மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன நோட்டை எடுத்துக்கொண்டேன். காலையில் சேஃப்டி ஷூவுக்குள் காலைத் திணித்து மாலைவரை கழற்றாமல் வேலை பார்க்கிறவர்கள், அதிலும் சர்க்கரை இருக்கிறவர்கள், கொஞ்சம் கேளுங்கள்.

மூக்கண்டப்பள்ளி பக்கம் வாசனை எண்ணெய் வடிக்கிற ஒரு கம்பெனியின் லேபில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். கிராம்பு, ஓமம், எலுமிச்சம்புல் எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுப்பார்கள். சமையல் எண்ணெய் மாதிரி வழவழப்பு இருக்காது, காரம் அதிகம். ஒரு சொட்டு சிந்தினால் அறை முழுக்க மணக்கும். சோப்புக்கும் தைலத்துக்கும் வாங்கிப் போவார்கள். அந்த எண்ணெய் பூஞ்சையைக் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கண்ணாடித் தட்டில் ஜெல்லி ஊற்றி, அதன் மேல் பூஞ்சையைத் தடவி, நடுவில் எண்ணெயில் நனைத்த பொட்டளவு காகிதத்தை வைப்பேன். நாலைந்து நாளில் தட்டு முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்காமல் சுத்தமாக ஒரு வட்டம் விட்டிருக்கும். அந்த வட்டத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து எழுதுவேன். கிராம்புக்கும் ஓமத்துக்கும்தான் எப்போதும் பெரிய வட்டம். அளக்கும்போது எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிடும், என்னவோ நான்தான் போய்ச் சண்டை போட்டு விரட்டியது போல.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எண்ணெய் கையில் தெறித்தால் உடனே குழாயடிக்கு ஓடமாட்டோம். பத்து வரை எண்ணுவோம். பத்துக்குள் எரிந்தால் கழுவு, எரியாவிட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பார். யார் ஆரம்பித்து வைத்ததோ, எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கிராம்பு எண்ணெய்க்கு நான் நாலைத் தாண்டியதே இல்லை.

போன மழைக்காலத்தில் வலது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சேற்றுப்புண் வந்தது. தோல் வெளுத்து ஊறிப்போய் ஓரத்தில் வெடித்திருந்தது. ஷூவுக்குள் ஈரம், நாள் முழுக்க அதே சாக்ஸ், வராமல் என்ன செய்யும்? டாக்டரிடம் காட்டி ஒரு மருந்து வாங்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் போவேனா? தினமும் பூஞ்சையைக் கொன்று கணக்கு எழுதுகிறவளுக்கு மருந்துக்கடை க்ரீமா! மாதிரிக்கு எடுத்ததில் மிஞ்சிய கிராம்பு எண்ணெயையும் ஓம எண்ணெயையும் சின்ன பாட்டிலில் கலந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் மாதிரி அப்படியே, வேறெதுவும் சேர்க்காமல். பஞ்சில் நனைத்து விரலிடுக்கில் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து, இருபது, ஐம்பது. நூறு வரை எண்ணினேன். எரியவே இல்லை.

"பாத்தீங்களா, என் தோலுக்கு நல்லா ஒத்துக்கிச்சு" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் முருகேசன், தருமபுரிப் பக்கத்து ஆள், வார்ப்படக் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். "வாசனை நல்லாத்தான் இருக்குது" என்றார்.

தினமும் காலையில் புதுப் பஞ்சு வைத்து, அதன் மேல் சாக்ஸ், ஷூ. எட்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சேற்றுப்புண் வருவதற்கு முந்தைய மாதம்தான் பஸ் ஸ்டாப்பில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். பின்னால் வந்த ஒருவர் கூப்பிட்டுக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கால் மரத்துப்போயிருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரத்த காலில் எரிச்சலை எண்ணிப் பார்த்த புத்திசாலி நான்.

ஒன்பதாம் நாள் லேபில் நிற்கும்போது குளிர் தூக்கிப் போட்டது. பல் கிட்டியது. ஷூவைக் கழற்றப் பார்த்தால் கால் வெளியே வரவில்லை, அவ்வளவு வீக்கம். பேக்கிங்கில் இருக்கும் என் தோழி மும்தாஜ் கத்தரிக்கோலால் ஷூவை வெட்டியெடுத்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவில் நாகவேணி என்ற நர்ஸ் சாக்ஸை உருவினாள். பஞ்சை எடுத்ததும் கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது, அதற்கு அடியிலிருந்து இன்னொரு நாற்றம். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் குனிந்து காலைப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அடுத்த விரலில் பாதி சாம்பல் நிறம். பாதத்திலிருந்து கணுக்காலுக்கு மேலே வரை செக்கச்செவேல் என்று சிவப்பு ஏறியிருந்தது. வலி? துளிகூட இல்லை.

சர்ஜன் ஒரு பெண், என்னைவிட வயது குறைந்தவர். "என்ன போட்டீங்க கால்ல?" என்று கேட்டார்.

"கிராம்பு எண்ணெயும் ஓம எண்ணெயும் மேடம். கலப்படமே கிடையாது."

"எவ்வளவு தேங்காய் எண்ணெயில கலந்தீங்க?"

"கலக்கல."

"எரியலையா?"

"நூறு வரைக்கும் எண்ணினேன் மேடம், எரியவே இல்ல." அந்தக் காய்ச்சலிலும் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நீலப் பேனா ஒன்றை எடுத்து, என் காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒட்டி ஒரு கோடு போட்டார். தோலுக்கு அடியில் கிருமி பரவிக்கொண்டிருக்கிறது, செல்லுலைட்டிஸ் என்று பெயர் என்றார். எண்ணெய் தோலைப் பொசுக்கியிருக்கிறது, பொசுங்கிய வாசல் வழியாகக் கிருமி உள்ளே நுழைந்திருக்கிறது, சர்க்கரை அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது. "சுண்டுவிரலைக் காப்பாத்த முடியாது. அடுத்த விரலைப் பாக்கலாம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டி மேல போச்சுன்னா, அப்புறம் நான் விரலைப் பத்திப் பேசமாட்டேன், பாதத்தைப் பத்தித்தான் பேசணும்."

பாதம் போனால் ஷூ இல்லை. ஷூ இல்லாமல் கம்பெனிக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். பதினாறு வருஷ லேப் வேலை அந்தப் பேனாக் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் காத்திருப்புதான். எலும்பு வரை சீழ் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே. காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று கேட்கிற டாப்ளர். பேனா மாதிரி ஒன்றைக் காலில் வைத்தால் ரத்தம் ஓடுகிற ஓசை புஸ் புஸ்ஸென்று ஸ்பீக்கரில் வரும். என் முறை வருவதற்குள் சக்கர நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டி, எதிரே இருந்தவர்களின் காலில் இரண்டு முறை ஏற்றிவிட்டேன். பக்கத்து விரல்களின் தோலைச் சுரண்டி, தோலைக் கரைக்கிற காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நானும் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். கிளைகிளையாகப் பிரியும் நூல்கள், உயிரோடு, ஜம்மென்று இருந்தன. பதினாறு வருஷமாகத் தட்டில் பார்த்த அதே சனியன்! விரலைப் பொசுக்கிய எண்ணெய் அதை முழுசாகக் கொல்லக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

அன்றைக்கே இன்னொரு பரிசோதனையும் நடந்தது. டாக்டர் ஒரு நைலான் நூலைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நான் அரைக்கண்ணால் அவர் கையைப் பார்த்துப் பார்த்து, "ம், ம், தெரியுது" என்றேன். உணர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டால் கம்பெனியில் என்ன சொல்வார்களோ என்ற பயம். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "யம்மா டாக்டரம்மா, அவ கண்ணத் தொறந்து பாத்துப் பாத்துச் சொல்றா."

அதுதான் முனியம்மாக்கா. பாரூரில் கரும்பு வெட்டின காட்டில் நடந்து, கட்டை குத்திக் குதிகாலில் சீழ் வைத்து வந்தவர். மானம் போன எனக்கு அவர்மேல் வந்த கோபம் இரண்டு நாள் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் செய்தார்கள். பத்து இடத்தில் ஒரு இடம்கூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். செத்த சதையை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத மனசு வரவில்லை. கட்டுப் போட்ட கால் ஒரு பக்கம் குறுகலாகத் தெரிந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பிறகு அந்தக் கோடு. வீட்டுக்காரரிடம் என் லேப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவரச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து, சட்டையில் மிஷின் ஆயில் வாடையோடு, ஒரு கையில் களியும் கீரைக் கடைசலும் இருக்கிற தூக்கு, இன்னொரு கையில் ஸ்கேலோடு வந்தார். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே அளந்து, மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. அரை மணியில் மறுபடி. ட்ரிப்ஸ் ஊசி இழுத்து ரத்தம் ஏறியது. அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் நாகவேணி, "சும்னிரி அக்கா, சும்னிரி" என்று, சும்மா இருக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டி, ஸ்கேலைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். அவள் அந்தண்டை போனதும் நான் விரல்கட்டையால் அளந்தேன்.

"ஏன்டி, அது என்ன நெலமா? ஓயாம அளக்கற?" என்றார் முனியம்மாக்கா. முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

அவருக்குக் கட்டு மாற்றும்போது வார்டே அதிரும். "அய்யோ எம்மா, உயிர் போவுதே, உடுங்கடா சாமி" என்று கத்துவார். அடுத்து என் முறை. துணியைப் பிரித்து, கழுவி, இடுக்கியால் சதையைக் கிள்ளுவார்கள். நான் சீரியல் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னாடி, கல்லுல செஞ்சு வச்சாங்களா ஒன்ன? ஒரு 'ஆ'கூடச் சொல்லமாட்ற" என்று அவர் கேட்கும்போது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தம்மாவின் கத்தல்மேல் பொறாமையாக இருந்தது. எனக்கும் அப்படி ஒருமுறை கத்தவேண்டும் போலிருந்தது.

ஒரு நாள் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "பூஞ்சையக் கொல்லுதே மேடம், நான் கண்ணால பாத்திருக்கேன். வட்டத்த அளந்திருக்கேன்."

"கொல்லும். நான் இல்லைன்னு சொல்லலையே" என்றார் அவர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து. "உங்க தட்டுல பூஞ்சை மட்டும்தான் இருக்கு. உங்க கால்ல பூஞ்சையும் இருக்கு, தோலும் இருக்கு. எது எதுன்னு எண்ணெய்க்குத் தெரியுமா? நெருப்பு வச்சாலும் பூஞ்சை சாகும்தான். எவ்வளவு கலக்கணும், எத்தனை நாள் போடணும், யாருக்குப் போடக்கூடாது, இதெல்லாம் தட்டு சொல்லாது. எனக்குத் தெரிஞ்சதைவிட இந்த எண்ணெயைப் பத்தி உங்களுக்கு அதிகம் தெரியும். லேபிள்ல என்ன போடுவீங்க?"

லேபிளைப் பிழை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவளே நான்தான். நேரடியாகத் தோலில் பூசக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். அதில் ஒரு எழுத்தின் துணைக்கால் விட்டுப்போனதற்கு அச்சகத்துக்காரனை ஒருமுறை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதே கலவையில் இன்னொரு பாட்டிலை மும்தாஜுக்குக் கொடுத்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் ரபீக்குக்கும் சேற்றுப்புண், அவருக்கும் சர்க்கரை. போன் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்கிற வரைக்கும் போட்டேன். ஷிப்டில் இருந்திருக்கிறாள். மாலையில் நேரே வார்டுக்கே வந்து நின்றாள், கையில் சுண்டல் டப்பாவோடு.

"அந்த எண்ணெய் எங்கடி? ரபீக் அண்ணன் போட்டாரா?"

"அதா? ஒரே ஒரு நாள்தாங்க்கா போட்டாரு. மூணு எண்றதுக்குள்ள 'எரியுது, எரியுது'ன்னு குதிச்சுக்கிட்டே போய்க் காலக் கழுவிட்டாரு. பாட்டில அப்பவே குப்பைல போட்டாச்சு. ஒங்ககிட்ட சொன்னா கோச்சுக்குவீங்கன்னு சொல்லல."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சுண்டல் டப்பா கட்டிலில் கவிழ்ந்தது. ரபீக் அண்ணனை அவருடைய எரிச்சல் காப்பாற்றிவிட்டது. என்னைக் காப்பாற்ற அப்படி ஒரு எரிச்சல் என் காலில் இல்லை.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் என்னைப் பிய்த்தது. பில் கவுண்டருக்கும் மருந்துக் கவுண்டருக்கும் நடந்தார், தூக்கைக் கழுவினார், தரையில் துண்டை விரித்துப் படுத்தார். ஆறாம் நாள் பொறுக்காமல், "திட்டித் தொலைங்களேன்! எனக்குக் கொழுப்புன்னு சொல்லுங்களேன்" என்று கத்தினேன்.

கட்டிலோரம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அந்தக் கிராம்பு வாசனை புடிச்சிருந்திச்சு தனம். வூடே மணக்குதேன்னு இருந்தன். ஒரு நாள் குனிஞ்சு ஒங்காலப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்கலயே நானு." நான் அவர் தலையில் கை வைத்தேன். மிஷின் தூசி விரலில் ஒட்டியது.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் அங்கேயே நின்றது, ஐந்தாம் நாளிலிருந்து இறங்கியது. நாகவேணியே ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்து அளக்கச் சொன்னாள். பாதம் தப்பியது. ஆனால் நாலாவது விரல் மட்டும் பழையபடி சாம்பல் நிறத்திலேயே முறைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் காலை டாக்டர் வந்தார். "இன்னைக்குச் சுத்தம் பண்ணிப் பாக்கறேன். அடியில நல்ல ரத்தம் வந்தா விரல் இருக்கட்டும். வரலைன்னா எடுத்துடறதுதான் நல்லது. விட்டா மறுபடி ஏறும்."

மரத்துப்போன கால் என்பதால் மரக்க ஊசிகூடத் தேவையில்லை என்றார்கள். முந்தின புரட்டு ஞாபகம் இருந்ததால், நானே வீட்டுக்காரரின் துண்டை வாங்கி முகத்தில் போட்டுக்கொண்டேன். அவரை வெளியே போகச் சொன்னார்கள். துண்டுக்குள் ஒரே இருட்டு, மிஷின் ஆயில் வாடை. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, இடுக்கி தட்டில் படும் சத்தம் கேட்டது. காலில் ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று. இரண்டு. பக்கத்தில் முனியம்மாக்காவின் கட்டில் கிரீச்சிட்டது. மூன்று.

நாலில் சுருக்கென்று ஒரு தீ, விரலின் அடியிலிருந்து கணுக்கால் வரை இழுத்தது.

"அய்யோ எம்மா!" என்று நான் போட்ட கூச்சல் லிஃப்ட் வரைக்கும் கேட்டதாம்.

"நிஜமா வலிச்சுதா? பாத்துச் சொல்லலையே?" டாக்டர் துண்டை விலக்கினார். அவருடைய கையுறையில், வெள்ளைத் துணியில், பளிச்சென்று புது ரத்தம். "ரத்தம் வருது. மேல்தோல் மரத்தாலும் அடியில உணர்ச்சி இருக்கு. விரல் இருக்கட்டும்" என்றார். பிறகு, "கொஞ்சம் பாக்கி இருக்கு. வலிச்சா மரக்க ஊசி போட்டுடவா?" என்று கேட்டார்.

"வேணாம் மேடம். அப்படியே பண்ணுங்க."

பக்கத்துக் கட்டிலில் முனியம்மாக்கா எழுந்து உட்கார்ந்து, "அப்பாடா, கத்திட்டாடி!" என்று கையைத் தட்டினார். என் கூச்சலைக் கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சு தனம்? என்னா பண்றாங்க ஒன்ன?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எரியுதுங்க. நாலு எண்றதுக்குள்ள எரிஞ்சிடுச்சு."